அக்காவின் நாட்டு இலையான்

அவர் ஆக்லாந்தில் எங்கள் வீட்டில் தங்கியது திட்டமிட்டு நடந்ததல்ல. பயிற்சிக்கு வருகிறவருக்கென்று பதிவு செய்திருந்த மோட்டலில் தண்ணீர்க் குழாய் வெடித்து, அறைகளின் கம்பளமெல்லாம் ஊறிப்போயிருந்தது. திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போனபோது அவர் வரவேற்பு அறையில் ஒரு பெரிய சூட்கேசையும் பாயில் சுற்றிய ஒரு பொதியையும் வைத்துக்கொண்டு இருந்தார். என் மகள் அப்போதுதான் படிப்புக்காக டனீடன் போயிருந்தாள். வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. "இரண்டு நாளைக்கு என்னோட வந்து இருங்கோ" என்று சொன்னேன். பயிற்சி நடந்த ஆறு கிழமையும், ஒன்றரை மாதம், இருந்தார்.

பசிபிக்கில் உள்ள ஒரு சின்னத் தீவு நாட்டிலிருந்து வந்தவர். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. பிறகு நடந்ததில் அங்கே சிலருக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்த நாட்டின் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவில் மூன்றே பேர். அவர் பொறுப்பதிகாரி, மற்ற இருவரில் ஒருவர் வாகனம் ஓட்டுபவரும்கூட. ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். உயரம், அதற்கேற்ற பருமன், சத்தமாகச் சிரிப்பார். அவருடைய பெயர் என் வாயில் சரியாக வரவில்லை. அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். அதன் பொருளைக் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு என் கணவர் கூப்பிட்டாலும் அக்கா என்றால்தான் திரும்பினார்.

நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். ஆனால் அவர் சொன்னவற்றை நினைக்கும்போது எனக்கு எங்கள் பேச்சாகத்தான் வருகிறது, ஈ என்று அவர் சொன்னதுகூட இலையானாக. அப்படியே எழுதுகிறேன்.

என் வேலை பூச்சிகளை அடையாளம் காண்பது. துறைமுகத்தில், விமான நிலையத்தில், வீட்டுத் தோட்டங்களில் வைத்த பொறிகளில் அகப்படுகிறவை சின்னக் குப்பிகளில் எங்களிடம் வரும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இது இந்த நாட்டில் ஏற்கெனவே இருப்பதா, புதிதாக வந்ததா என்று சொல்ல வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குப்பிகளில் வழக்கமான பூச்சிகள்தான். யாழ்ப்பாணத்தில் விவசாயம் படித்துவிட்டு நியூசிலாந்துக்கு வந்து, முதல் நான்கு வருடம் ஆக்லாந்துக்குத் தெற்கே புக்கிகோஹியில் வெங்காயம் தரம் பிரித்தேன். பிறகு இந்த ஆய்வுகூடத்தில் குப்பி கழுவும் வேலை கிடைத்தது. அங்கிருந்துதான் மெல்ல மெல்ல நுணுக்குக்காட்டிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தேன்.

அக்கா வந்தது பழ ஈக்களைப் பிரித்தறிவதில் பயிற்சி எடுக்க. பசிபிக் தீவு நாடுகளுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. ஒரு நாட்டில் புதுப் பூச்சியோ நோயோ தென்பட்டால் மற்ற நாடுகளுக்கு உடனே சொல்ல வேண்டும். ஆளில்லாத நாட்டுக்கு ஆள் உள்ள நாடு பயிற்சி கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில்தான் வந்திருந்தார். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, தன் நாட்டு ஈக்களைப் பற்றி அவருக்கு நான் சொல்லிக் கொடுக்க எதுவும் இல்லை என்று. வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பார்த்தே இனத்தைச் சொன்னார். எங்கள் பக்கத்து, ஆசியாவின் ஈக்களைத்தான் அவருக்குத் தெரியாது. அவற்றைக் காட்டினேன்.

அவருக்கு எங்கள்மேல் ஒரு குறையும் இருந்தது. அவருடைய நாட்டிலிருந்து ஆக்லாந்துக்குக் கொச்சிக்காயும், அதாவது மிளகாயும், ஈரப்பலாக்காயும் வரும். பழ ஈ உள்ள நாடு என்பதால் ஒவ்வொரு பெட்டியையும் சூடு காட்டி, முட்டை, புழு எல்லாம் செத்த பிறகுதான் அனுப்பலாம். பப்பாளியையும் அனுப்ப அனுமதி கேட்டு அவர் எழுதி மூன்று வருடமாகியிருந்தது. ஒவ்வொரு முறையும் இங்கிருந்து இன்னொரு கேள்வி போகும்.

"ஐந்து வருசத்துப் பொறிக் கணக்கு வேணும் எண்டு கேக்கிறியள்" என்றார் ஒருநாள் சாப்பிடும்போது. "எங்களுக்கு இருக்கிறது ஒரு படகு. கடல் குழம்பினால் வெளித்தீவுக்குப் போய்ப் பொறியைப் பார்க்கேலாது. அந்தக் கிழமைக் கட்டம் வெறுமையாய்க் கிடக்கும். வெறுமையாய் இருந்தால் உங்கட ஆக்கள் நாங்கள் பஞ்சிப்பட்டுப் போகேல்லை, சோம்பேறியள் எண்டு நினைக்கினம்."

"நான் அப்பிடி நினைக்கேல்லை அக்கா."

"நீ நினைச்சு என்ன? கையெழுத்து வைக்கிறது வேற ஆள்."

என் கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்கிறார். அக்காவின் நாட்டுப் பெட்டிகளை அவர் கையால் இறக்கியிருக்கிறார். "நல்லாக் கட்டி அனுப்புவினம், ஒரு பெட்டியும் உடையிறேல்லை" என்று சொன்னார். அன்று முழுக்க அக்கா அவருடன் மிக அன்பாக இருந்தார்.

மூன்றாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் குப்பி வந்தது.

ஆக்லாந்தின் பாபடோயிட்டோ பகுதியில் ஒரு வீட்டு எலுமிச்சை மரத்தில் தொங்கிய பொறியிலிருந்து எடுத்தது என்று சீட்டில் எழுதியிருந்தது. தெருவின் பெயரைப் படித்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே ஓர் ஈ இருந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் கோடுகள், ஒடுங்கிய இடுப்பு, இறக்கையின் ஓரத்தில் மண்ணிறக் கரை. பழ ஈ. ஆண். நியூசிலாந்தில் இருக்கக் கூடாத பிராணி.

பிரிவுத் தலைவர் அன்று வெலிங்டனில் ஒரு கூட்டத்தில் இருந்தார். படங்களை அனுப்பிவிட்டு அழைத்தேன். "பழ ஈதான், சந்தேகமில்லை. படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், டி.என்.ஏ. பரிசோதனைக்கு ஈயின் காலொன்றை எடுங்கள், முடிவு நாளைக் காலை வரும்" என்றார். அந்த அழைப்பு முடியும் முன்பே வேலைகள் தொடங்கிவிட்டன. எங்கெங்கே யார் போவது, எந்தத் தெருக்களை அடைப்பது என்று அடுத்த அறையில் தொலைபேசிகள் ஒலித்தன.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. எந்த இனமாக இருக்கக்கூடும் என்பதை அதில் எழுத வேண்டும். நிச்சயமில்லையென்றால் நிச்சயமில்லை, டி.என்.ஏ. முடிவுக்குக் காத்திருக்கிறோம் என்று எழுதலாம். அதில் பிழை எதுவும் இல்லை.

ஈயின் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். முகத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. ஆசிய ஈக்களில் நான் பார்த்துப் பழகியது அதுவல்ல. போன கிழமைதான் அக்கா தன் நாட்டு ஈக்களின் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, அந்தப் பட்டையை ஊசி முனையால் எனக்குக் காட்டியிருந்தார். அவருடைய நாட்டிலும் பக்கத்தில் இரண்டு நாடுகளிலும் மட்டும் இருக்கும் இனம் அது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா அடுத்த மேசையில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். படிவத்தில் நிச்சயமில்லை என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு யோசித்திருக்கிறேன். இனத்தின் பெயரை எழுதினால் அந்த நாடுகளிலிருந்து வரும் காய்கறிகளை அன்றே நிறுத்துவார்கள். எனக்குத் தடை என்ற சொல்லே ஒத்துவராது. நான் பள்ளிக்கூடம் போன போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் யூரியா வரத் தடை, சவர்க்காரம் வரத் தடை, பற்றரி வரத் தடை. வெங்காயம் நடும் தறைக்குப் போட உரமில்லாமல் அப்பா ஒரு போகம் முழுவதையும் சும்மா விட்டார். எங்கோ ஒரு மேசையில் யாரோ ஒரு ஆள் ஒரு பட்டியலில் ஒரு வரி எழுதினால் அது எத்தனை வீட்டுக்குள் போய் விழும் என்று எனக்குத் தெரியும். அந்த ஆளாக நான் இருக்க விரும்பவில்லை. ஒரு நாள் பொறுத்தால் மெஷினே சொல்லிவிடும், என் கை எழுதத் தேவையில்லை. இப்படித்தான் அந்த நேரத்தில் மனம் ஓடியது.

எல்லோரும் பரபரப்பாக இருப்பதைக் கண்டு அக்கா எழும்பி வந்தார். "நான் பார்க்கலாமோ?" என்று கேட்டார். பயிற்சிக்கு வந்தவர் பார்ப்பதில் தடையில்லை. விலகி இடம் விட்டேன்.

குனிந்து பார்த்தார். குமிழைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பக்கத்தில் கிடந்த படிவத்தை எடுத்து வாசித்தார்.

"ஏன் நிச்சயமில்லை எண்டு எழுதினனி?"

"டி.என்.ஏ. நாளைக்கு வரும் அக்கா. அதுக்குப் பிறகு..."

"உனக்குத் தெரியும். போன கிழமை நான்தானே காட்டினனான்."

அவர் படிவத்தை என் முன்னால் மேசையில் வைத்தார்.

"இண்டைக்குப் பின்னேரம் உங்கட ஆக்கள் வீடு வீடாய்ப் போகப் போகினம். எந்த மரத்தைப் பார்ப்பினம்?"

"பிளம்ஸ், பீச்சஸ், எலுமிச்சை..."

"இது எங்கட இலையான். இது முதலில் போறது கொச்சிக்காய்க்கு. பிறகு கொய்யாவுக்கு. ஒரு நாள் முழுக்கப் பிளம்ஸ் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிக்கப் போகினம். அதுக்குள்ள பெண் இலையான் ஒண்டு எங்கயாவது கொச்சிக்காய்க்குள்ள முட்டை இட்டால்?"

"உங்கட நாட்டுப் பெட்டியள் எல்லாத்தையும் நிப்பாட்டுவினம் அக்கா."

"எனக்குத் தெரியாதோ? அந்தக் கொச்சிக்காய் செய்யிற ஆக்களில ஒருத்தன் என்ர தங்கச்சியின்ர புருசன்." அவருடைய குரல் உயரவில்லை. "நீ என்னைக் காப்பாத்த வேண்டாம். நான் இந்த வேலையை இருபத்தாறு வருசமாய்ச் செய்யிறன். அந்தக் கட்டத்தில பேரை எழுது. நான் பார்த்துச் சொன்னனான் எண்டும் எழுது."

பழைய வரியை வெட்டிவிட்டு இனத்தின் பெயரை எழுதினேன். வருகை தந்துள்ள அதிகாரி உறுதி செய்தார் என்று கீழே எழுதி அவருடைய பெயரைப் போட்டேன். எழுத்துக்கூட்டில் ஒரு எழுத்தை விட்டுவிட்டேன். அவரே பேனாவை வாங்கித் திருத்தினார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் நான் மன்னிப்புக் கேட்டேன். "நீ கெட்ட மனசில செய்யேல்லை" என்றார். அவ்வளவுதான். பெரிய தெருவில் சிவப்பு எழுத்தில் பலகைகள் நடத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் விளைந்த பழம், காய் எதையும் இந்த எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்தது. எங்கள் வீடு எல்லைக்கு உள்ளே இருந்தது. வீட்டுக்குப் பின்னால் வளவில் ஆறு கொச்சிக்காய்ச் செடி வைத்திருந்தேன். இறங்கியதும் அக்கா நேரே அங்கே போய், கைவிளக்கை அடித்து ஒவ்வொரு காயாகத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

மறுநாள் காலை டி.என்.ஏ. முடிவு வந்தது. அதே இனம். பத்து மணிக்கு எல்லர்ஸ்லியில் உள்ள எங்கள் துறையின் அலுவலகத்தில் எல்லாத் தீவு நாடுகளையும் திரையில் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைத்தார்கள். வழக்கமாக என்னைப்போன்றவர்கள் அதற்குப் போவதில்லை. ஈயைப் பார்த்தவர் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். அக்கா தன் நாட்டின் சார்பில் உட்கார்ந்தார். காலையில் அவர் தன் பணிப்பாளருடன் நெடுநேரம் தங்கள் மொழியில் கதைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். என்ன கதைத்தார் என்று நான் கேட்கவில்லை.

திரையில் பன்னிரண்டு பதின்மூன்று கட்டங்கள். ஒன்றில் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், ஒன்றில் சேவல். நியூசிலாந்து அதிகாரி நடந்ததை விளக்கினார். ஒரு ஆண் ஈ, வேறெதுவும் இதுவரை இல்லை, எப்படி வந்ததென்று தெரியாது. விசாரித்து முடியும் வரை இந்த இனம் உள்ள இடங்களிலிருந்து வருகிற கொச்சிக்காயையும் மற்றவற்றையும் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். "முதலில் அடையாளம் சொன்னவர் எங்களோடு இருக்கிறார்" என்று அக்காவைக் காட்டினார்.

அக்கா சுருக்கமாகப் பேசினார். "இது எங்களிட்டை இருக்கிற இனம். எங்கட பெட்டியில வந்ததோ, பயணி ஒருவரின்ர பையில வந்ததோ எனக்குத் தெரியாது. சூடு காட்டின பெட்டியில வந்திருக்கும் எண்டு நான் நம்பேல்லை. ஆனால் நம்பிக்கையை வைச்சு வாதாட நான் வரேல்லை. எங்கட ஏற்றுமதியை இண்டையில இருந்து நாங்களாகவே நிப்பாட்டுறம். எங்கட கணக்குப் புத்தகங்களை அனுப்புறம். வந்து பாருங்கோ."

தலைமை தாங்கியவர் அந்த நாட்டின் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போக இருந்தார். அப்போதுதான் மழைச் சத்தம் கேட்ட கட்டத்தில் இருந்தவர் கையை உயர்த்தினார். அவர் பக்கத்து நாட்டின் அதிகாரி, மெலிந்த மனிதர், கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்திருந்தார்.

"அந்த இலையான் எங்களிட்டையும் இருக்கு" என்றார். "எங்கட பேரையும் எழுதுங்கோ."

உங்கள் நாட்டிலிருந்து இங்கே வருவது மிகக் குறைவு, அவசரப்பட வேண்டியதில்லை என்று தலைமை தாங்கியவர் சொன்னார்.

"குறைவோ கூடவோ, வருகுதுதானே? உண்மையைச் சொன்ன ஆளின்ர பேரை மட்டும் எழுதினால் அடுத்த முறை ஒருத்தரும் சொல்லமாட்டினம். ரெண்டு நாடும் சேர்ந்து நிப்பாட்டுறம், ரெண்டு நாடும் சேர்ந்து கணக்குக் காட்டுறம்."

மூன்றாவது நாடு, நாங்கள் மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்றது. பத்து நாள் கழித்துத்தான் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து வாகனத் தரிப்பிடத்துக்கு நடந்தபோது அக்கா சிரிக்கத் தொடங்கினார். முதலில் எனக்கு விளங்கவில்லை, அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"அந்த மனுசனோட எனக்குப் பத்து வருசச் சண்டை" என்றார். "அவன்ர நாட்டில இருந்து படகில, நடுறதுக்கு வாழைக்குட்டி வந்தது. இலையில நோய் இருந்தது. நான் ஒண்டையும் இறக்க விடேல்லை, அப்பிடியே திருப்பி அனுப்பினனான். தலைவர்மார் வரைக்கும் போச்சுது. அதுக்குப் பிறகு எந்தக் கூட்டத்திலயும் எனக்கு வணக்கம் சொன்னதில்லை."

"பிறகு ஏன் இண்டைக்கு...?"

"அது எனக்கும் தெரியாது. அவனைத்தான் கேக்கவேணும்." கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "வாழைக்குட்டியைப் பற்றி நான் செய்தது சரிதான்" என்றார் பிறகு.

அன்று பின்னேரத்திலிருந்து வீடு வீடாகப் போனோம். தமிழ், இந்தி, பஞ்சாபி, சமோவன் பேசுகிறவர்கள் தேவைப்பட்டார்கள். நான் என் பெயரைக் கொடுத்தேன். அக்காவும் வந்தார். காயை வெட்டிப் பார்த்து, உள்ளே இருப்பது எந்தப் புழு என்று நின்ற இடத்திலேயே சொல்ல அவரைவிட்டால் ஆளில்லை.

இரண்டாவது நாள் ஒரு வீட்டில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர் கதவைத் திறந்தார். ஒரு கையில் கார்ச் சாவி, மறு கையில் தக்காளி நிறைந்த பை. நான் தமிழில் விஷயத்தைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. பையைக் கேட்டதும் சுருங்கியது.

"இது எங்க அக்கா வீட்டுக்குங்க. மாசிங்கற ஏரியால இருக்கா. மாசமா இருக்கா, நம்ம வீட்டுத் தக்காளில ரசம் வேணும்னு ரெண்டு நாளா கேக்குறா. கார்லதானே எடுத்துட்டுப் போறேன், கண்ணாடிய ஏத்திக்கிறேன், ஈ எப்படிப் பறக்கும்?"

"ஈ இல்லைங்க, முட்டை" என்றேன். "தக்காளிக்குள்ள இருந்தா உங்கட கண்ணுக்குத் தெரியாது. மாசியில உங்கட அக்கா குப்பையில தோலைப் போடுவா. மூண்டு நாலு வாரத்தில அங்க ஒரு ஈ பறக்கும். பிறகு அவவின்ர தெருவிலயும் பலகை நடவேணும்."

அவர் பையைப் பார்த்தார். "அப்ப நான் சமைச்சு எடுத்துட்டுப் போகலாமா?"

நல்ல கேள்வி. சமைத்ததைக் கொண்டுபோகலாம். அப்படியென்றால் ரசமாகவே வைத்துக் கொண்டுபோகிறேன் என்றார். அதற்குள் அக்கா பின்வளவில் சட்டிகளில் நின்ற கொச்சிக்காய்ச் செடிகளிடம் போய்விட்டார். பத்துக் காய்களைப் பறித்துக் கத்தியால் நீளமாக வகிர்ந்து வெள்ளைத் தட்டில் அடுக்கினார். விதைகளுக்கிடையில் ஊசியால் துழாவினார். ஒன்றுமில்லை.

"இவங்க எந்த ஊருங்க?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார். சொன்னேன்.

"டிவில சொன்னாங்களே, அங்கருந்துதான் இந்த ஈ வந்துச்சாமே?"

நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். நாட்டின் பெயர் காதில் விழுந்ததால் அக்காவே என்ன கேட்கிறார் என்றார். சொன்னேன். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "இருக்கலாம் எண்டு சொல்லு. அதுதான் தேடுறன் எண்டும் சொல்லு" என்றார்.

அந்தப் பெண் கொஞ்சம் வெட்கப்பட்டு, "ஆமாங்க, நான் சும்மாதான் கேட்டேன்" என்று எங்கள் இருவருக்கும் டீ போட்டுக்கொண்டு வந்தார். முற்றத்தில் நின்றே குடித்தோம்.

அந்த வார இறுதியில்தான் அக்காவுக்கு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. நான் சமையலறையில் இருந்தேன். அறைக்குள் ஓர் ஆண் குரல் போனில் உரத்துக் கேட்டது. அக்கா இடைக்கிடை ஒரு சொல் சொன்னார். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"தங்கச்சியின்ர புருசன். பழுத்த கொச்சிக்காய் முழுக்கத் தறையில கிடக்காம். நீ அங்க போய் வெள்ளைக்காரருக்கு முன்னால நல்லபேர் எடுக்க எங்களை வித்துப்போட்டாய் எண்டு சொல்லுறான்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"காயைக் கூட்டி அள்ளி ஆழமாய்ப் புதைச்சுப்போடு, இல்லாட்டி இலையான் பெருகும் எண்டு சொன்னன்." மேசையில் உட்கார்ந்தார். "அது இன்னும் கோபத்தைக் கிளப்பிப்போட்டுது."

நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல் என் கணவர் ரக்பி ஆட்டத்தைப் போட்டுவிட்டார். அக்காவின் நாட்டு அணி அன்று தோற்றது. அதற்கு அக்கா திட்டிய திட்டில் வீடு ஓரளவு பழைய நிலைக்கு வந்தது.

அவருடைய பயிற்சி முடியும் வரை தினமும் போனோம். ஆயிரக்கணக்கில் காய்களையும் பழங்களையும் வெட்டியிருப்போம். இன்னொரு ஈ அகப்படவில்லை, ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை. அவர் திரும்பிப் போன பிறகு பலகைகளையும் எடுத்தார்கள். அந்த ஒற்றை ஈ எப்படி வந்ததென்று கடைசிவரை தெரியவில்லை. சூடு காட்டிய பெட்டிகளின் பதிவுகளைப் பார்த்தவர்கள் அவற்றில் குறையில்லை என்றார்கள். யாரோ ஒரு பயணி பையில் ஒரு கொய்யாவை மறந்துவைத்திருக்கலாம் என்பதுதான் பொதுவான எண்ணம். நிரூபிக்க வழியில்லை.

வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனேன். பாய்ப் பொதியை எங்கள் வீட்டிலேயே விட்டிருந்தார், மகளுக்கென்று. போகும்போது, "ஊரில கொஞ்சக் காலம் என்னோட ஆக்கள் கதைக்காயினம். பழகிப்போகும்" என்றார். எதையோ சொல்ல வாயெடுத்தேன். "உன்ர கொச்சிக்காய்ச் செடிக்குத் தண்ணி ஊத்து, வாடிப்போய் நிக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொச்சிக்காய் திரும்ப வர ஏழு மாதம் சென்றது. இரண்டு நாடுகளும் ஒன்றாகக் கணக்குகளை அனுப்பியிருந்தன. அந்த மெலிந்த மனிதரின் நாட்டுப் படகு கிழமைக்கு ஒரு தரம் அக்காவின் வெளித்தீவுகளுக்கும் போய்ப் பொறிகளைப் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தது. அதனால் இப்போது வெறுமையான கட்டங்கள் குறைவு. இங்கிருந்து போன குழு ஒன்று இரண்டு நாடுகளிலும் இருந்து பார்த்துவிட்டு வந்து அனுமதிக்கலாம் என்று எழுதியது. பப்பாளிக்கு இன்னும் பதில் போகவில்லை. நான் கேட்டுப் பார்த்தேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.

முதல் பெட்டிகள் வந்த கிழமை அக்காவை அழைத்தேன். பெட்டி உடையாமல் வந்ததா என்று என் கணவரைக் கேட்கச் சொன்னார். உடையவில்லை என்று அவரே போனை வாங்கிச் சொன்னார்.

"தங்கச்சியின்ர புருசன் இப்ப கதைக்கிறாரோ?" என்று கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில எனக்குப் பக்கத்து வரிசையில இருக்கிறான். பாட்டுப் புத்தகத்தை நீட்டினால் வாங்குறான். கதைக்கிறதில்லை" என்றார். பிறகு, மழை தொடங்கிவிட்டது, அது பலக்கும் முன் பொறிகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தார்.